ஜெயபாலனின் ராஜநாகச் சொட்டு

பின்வாசல் வழியாக நீலச் சீருடைக்காரர் நுழைந்ததும் நாக வைத்தியர் ஜெயபாலன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். தோளில் பட்டை, மார்பில் சின்னம், இடுப்பில் வாக்கி டாக்கி. போச்சுடா, எவனோ போட்டுக் கொடுத்துவிட்டான்!

ஈப்போ புந்தோங்கில் அவரைத் தெரியாதவர் கிடையாது. புற்றுநோய்க்கு ராஜநாக விஷத்தில் சொட்டு மருந்து கொடுப்பவர் ஆயிற்றே. சிலிம் ரிவரிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வருவார்கள்.

சற்று முன்புதான், கழுத்தில் கட்டியோடு வந்திருந்த புனிதாவுக்கு ஒரு பாட்டிலைக் கொடுத்து முன்னறையில் உட்கார வைத்திருந்தார். "ஆஸ்பத்திரில ஏத்துறது கெமிக்கல்மா. அத நிறுத்து. இயற்கை விஷந்தான் உன்னக் காப்பாத்தும்" என்று போன தடவையே சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் அழுது பார்த்தும் கேட்காமல் அவளும் நிறுத்திவிட்டாளாம்.

"பாம்பு எங்க?" என்றார் வந்தவர், முன்னறைத் திரைச்சீலையை ஒட்டி நின்றபடி.

"எந்தப் பாம்பு, துவான்?" என்றார் ஜெயபாலன், அதிகாரியிடம் பேசும் பணிவோடு.

"போர்டுல ராஜநாகம்னு போட்டிருக்கீங்க லா. வச்சிருக்க பெர்மிட் இருக்கா?"

ஜெயபாலனுக்கு வியர்த்துக் கொட்டியது. காட்டிலாகா கேஸ் என்றால் சும்மாவா? ஜெயில்தான்.

"பாம்பே கிடையாது, துவான்" என்று முனகினார்.

"காது கொஞ்சம் மந்தம். சத்தமா சொல்லுங்க."

"பாம்பு கிடையாது!"

"அப்ப விஷம்?"

"ஆத்தா சத்தியமா ஒரு சொட்டு இல்ல! குலா மெலாக்கா வெல்லத்தக் காய்ச்சி, மிளகுத்தூள் போட்டது. கசப்புக்கு வேப்பில. நெஜ விஷத்த அடுப்படியில கலக்கி ஊத்தினா ஆளு செத்துருமே, துவான்!"

"அப்ப விஷத்துலேருந்து மருந்து எடுக்குறதெல்லாம் பொய்யா?"

"அய்யய்யோ, அது நெஜம். ஆஸ்பத்திரில ஏத்துற மருந்துல ஒண்ணு நித்தியகல்யாணியோட விஷந்தான். எஸ்டேட்ல சுடுகாட்டு மல்லின்னு சொல்லுவமே, அதே செடி. ஆனா அதப் படிச்சவங்க வருஷக்கணக்கா லேப்ல சோதிச்சு, அளவு பாத்துச் செஞ்சாங்க. எனக்கு என்ன தெரியும்? நான் கார் கழுவுற கடை வச்சு நொடிச்சவன்!"

கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாததை மனுஷன் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தார். தனக்குள் இத்தனை நேர்மை இருப்பது கண்டு அவருக்கே ஆச்சரியம்.

"கேஸ் மட்டும் போட்டுறாதீங்க, துவான்."

"நான் என்னத்தப் போடுறது? மால்ல வாசல் காக்குற ஜாகா வேல பாக்குறேன். பேரு தர்மா."

தர்மா திரைச்சீலையை இழுத்துவிட்டார். அந்தப் பக்கம் முகம் வெளுத்துப்போய் புனிதா நின்றுகொண்டிருந்தாள்.

"இது என் பொண்டாட்டி" என்றார். "நான் சொன்னப்ப நம்பல. நீங்களே சொன்னாத்தான் நம்புவா."

புனிதா உள்ளே வந்து பாட்டிலை மேசைமேல் நங்கென்று வைத்தாள். பிறகு புருஷனிடம் திரும்பினாள்.

"நெஜ விஷம் ஆஸ்பத்திரியிலதான் இருக்காம். கார எடுங்க, போலாம்."