அடுப்படிச் சாமிக்கு ஒரு துண்டு

“இன்னும் ஒரு துண்டு எடுங்கோ மச்சாள். பிளேனில ஒழுங்கா ஒண்டும் தரமாட்டாங்கள்.”

உஷா, கணவனின் அக்கா குணவதியின் முகத்துக்கு நேரே தட்டை நீட்டினாள். தேங்காய்ப்பூவில் புரட்டிய தவிட்டு நிறத் துண்டுகள் அதில் பளபளத்தன. விருந்தாளியை இவ்வளவு அன்போடு வழியனுப்பும் வீடு பிளாட் புஷ் புறநகரில் வேறு இருக்க முடியாது.

அந்த அன்புக்குக் காரணம் பக்கத்து வீட்டு மிசஸ் ஓங். பினாங்குக்காரர். சீனப் புத்தாண்டுக்காகப் பசையரிசி மாவும் சீனியும் கலந்து நாள் முழுக்க அவித்த கூய் பாக்குல் என்ற பலகாரத்தைக் காலையில் கொண்டுவந்தவர், கூடவே ஒரு கதையும் சொல்லியிருந்தார்.

அடுப்படியில் ஒரு சாமி வருடம் முழுக்க உட்கார்ந்து வீட்டில் நடப்பதையெல்லாம் கவனிக்குமாம். புத்தாண்டுக்கு முன் மேலுலகம் போய்க் கோள் சொல்லுமாம். அதனால் புறப்படும் நாளில் இந்தப் பலகாரத்தை அதன் வாயில் அப்பிவிடுவார்களாம். ஒட்டிய வாய் திறக்காது.

கேட்ட மாத்திரத்தில் உஷாவுக்குச் சாமி யாரென்று தெரிந்துவிட்டது.

ரொறன்ரோவிலிருந்து வந்த நாள் முதல் குணவதி சும்மா இருக்கவில்லை. ஃப்ரீசரைத் தோண்டிப் போன மாதத்துக் கறியைக் கண்டுபிடித்தாள். குத்துவிளக்கின் தூசியை விரலால் தொட்டுப் பார்த்தாள். மாடிப்படியில் ஏறி இறங்கி, “பிடிக்கிறதுக்கு ஒரு கம்பி இல்லையோ?” என்றாள். குளியலறைத் தரையைக் காலால் தேய்த்து, “இது வழுக்குமே” என்றாள். கீழே சும்மா கிடந்த அறையைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

“எல்லாத்தையும் அம்மாட்டச் சொல்லத்தான் வேணும்” என்று நேற்று வேறு சொல்லிவிட்டாள்.

அங்கேதான் சிக்கல். கல்யாணமான நாளிலிருந்து உஷா, யாழ்ப்பாணத்து மாமியாருக்குத் தொலைபேசியிலேயே வேறொரு வீடு கட்டிக் காட்டியிருந்தாள். அந்த வீட்டில் மூன்று வேளையும் புதுச் சமையல். இரண்டு வேளையும் விளக்கு. மகள் பிரணவி தேவாரம் பாடாமல் பள்ளிக்கூடம் போகமாட்டாள்.

‘இவளோ குடும்பம் நடத்தப்போறாள்?’ என்று கேட்ட மாமியாரை, ‘என்ர மருமகளைப் போல வருமோ?’ என்று ஊர் முழுக்கச் சொல்லவைத்த வீடு அது. இன்று ஒரே பேச்சில் இடியப்போகிறது.

“நல்லாத்தான் கிடக்கு. தொதல் மாதிரி” என்று மென்றாள் குணவதி. “ஆனா உஷா, உம்மட்ட ஒரு விசயம்...”

“தொதலுக்கு அண்ணன், மச்சாள். கதைக்காம சாப்பிடுங்கோ, புரைக்கேறும்.” அடுத்த துண்டை உஷாவே ஊட்டிவிட்டாள்.

குணவதியின் தாடை மேலே ஒருமுறை போனது. பக்கவாட்டில் ஒருமுறை போனது. அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை. மேல் கட்டுப்பல்லும் கீழ் கட்டுப்பல்லும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன.

அந்த நேரம் பார்த்து, சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்த குணவதியின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. அவள் பழக்கத்தில் தட்டியதும் திரையில் மாமியார். உஷா ஃப்ரிட்ஜின் மறைவில் ஒதுங்கினாள்.

“குணவதி, நான் பாத்துவரச் சொன்ன விசயம் என்ன மாதிரி? உஷா வீட்டில ஏதும் குறையெண்டா இப்பவே சொல்லிப்போடு.”

“ம்ம்... ம்ம்ம்.”

“என்னடி, வாயைத் திறந்து சொல்லன்.”

குணவதி இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினாள்.

“ஒரு குறையும் இல்லையோ? எனக்கு முதலே தெரியும்.”

குணவதி தன் வாயைச் சுட்டிக்காட்டினாள்.

“சாப்பாடும் திறம் எண்டுறாய்.”

பல்லோடு போராடிய குணவதியின் கண்களில் தண்ணீர் முட்டியது.

“ஏன் பிள்ளை அழுறாய்? அவ்வளவு நல்லாப் பாத்தவளோ?” மாமியாரின் குரலும் தழுதழுத்தது.

ஃப்ரிட்ஜின் மறைவில் உஷா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மிசஸ் ஓங்குக்கு நாளைக்கே தன் கையால் பயத்தம் பணியாரம் சுட்டுக் கொடுக்க வேண்டும். சரி, கடையில் வாங்கியாவது கொடுக்க வேண்டும்.

குணவதி மேசையில் ஓங்கி அடித்தாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள். ஆனால் மாமியார் திரையைப் பார்க்கவில்லை. அவர் அதற்குள் திரும்பி, யாழ்ப்பாணத்தில் தன் வாசலில் காத்திருந்த யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“தம்பி, இந்த வீட்டை நீங்களே வாங்குங்கோ, நான் இனி உஷாவோடதான்.”