பெஞ்சின் விறைப்பு

திறப்பு விழாவன்று முழங்கிய பேண்டு வாத்தியம் பூங்காவின் கல் பெஞ்சின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. இப்போது அதன் கால் ஒன்று ஆட்டம் கண்டிருந்தது. புதுக்கால் வேண்டுமென்று ஏங்கியது.

"பெஞ்சு மாமா, பூங்காவைச் சீர்படுத்தப் பணம் ஒதுக்கலாமான்னு ஊரே ஓட்டுப் போடப் போகுது. நாளைக்குப் பார்க்க வர்றாங்க. உட்கார்ந்ததும் நல்லா ஆடிக் காட்டுங்க" என்று திட்டம் சொன்னது அணில்.

"நான் ஒழுகிக் காட்டறேன்" என்றது குழாய்.

மறுநாள் ஜனங்கள் சலவை மடிப்புக் கலையாத உடையில் வந்தார்கள். விருந்தாளிகளைக் கண்டதும் பெஞ்சுக்கு மானம் பெரிதாகிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றது. குழாயும் வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்றபடி போனவர்கள், செலவு வேண்டாமென்று ஓட்டுப் போட்டார்கள்.

"ரொம்ப நல்லா ஆடினீங்க, மாமா" என்றது அணில்.

அடுத்த வாரம் பெஞ்சின் கால் ஒடிந்தது. ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கும் அதில் இப்போது குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள்.