தையல் போட்ட சட்டைப் பை

"இது மூணாவது தடவைம்மா. இது நாய் வயிறா, இல்ல பழைய இரும்புக் கடையா?"

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார் கால்நடை மருத்துவர். ஒரு சாவி, இரண்டு திருகாணி, ஒரு கொக்கி. பச்சைக் குழந்தைகூட அடையாளம் சொல்லிவிடும்.

எதிரே நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கீழே கிடந்திருக்கும் டாக்டர். நான்தான் கவனிக்கல."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"அப்படிக் கேளுங்க டாக்டர்!" என்றார் நாற்காலியில் இருந்த அவளுடைய மாமனார். ஓய்வுபெற்ற சர்வேயர். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. அவர் மடியில் தலையைச் சாய்த்துக் கிடந்தது தடியன் என்கிற அந்தப் பெரிய நாய். "வீடு பூரா சாமான் இறைஞ்சு கிடக்கும். இவ கண்ணுக்கு எதுவும் தெரியாது. இதைப் பாருங்க, என் சட்டைப் பையைக்கூடத் தைச்சு வச்சிருக்கா. ஒரு கர்ச்சீப் வைக்க வழியில்ல."

பையின் வாய் நிஜமாகவே தைக்கப்பட்டிருந்தது. சட்டையின் நிறத்திலேயே நூல் தேடி, பொடிப் பொடியாகத் தையல். டாக்டருக்குச் சுருக்கென்றது. வயசானவரை இப்படியும் ஒருத்தி படுத்துவாளா?

"ஏம்மா, இது என்ன கூத்து?"

அவள் குனிந்து தடியனின் கழுத்து வாரைச் சரிசெய்தாள்.

"வீடு பூரா சாமான் இறைஞ்சு கிடக்கும் டாக்டர்" என்று பெரியவர் மறுபடியும் ஆரம்பித்தார். சட்டைப் பையையும் மறுபடியும் காட்டினார். பாவம், வயிறெரிந்து சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார் டாக்டர்.

எரிச்சலோடு எழுதப் போனதில் அவருடைய பேனா மூடி கழன்று தரையில் உருண்டது. டாக்டர் பதறிப்போனார். தடியனோ அதை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாமென்று மறுபடி மடியில் தலையை வைத்துக்கொண்டது. பெரியவர்தான் குனிந்து மூடியை எடுத்தார்.

"பார்த்தீங்களா? இந்த வயசுல அவருக்கு இருக்கிற பொறுப்பு உங்களுக்கு இல்லையே!"

ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மாமனாரைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

ஆபரேஷன் அறை தயாராகும்வரை நாயோடு வெளியே உட்காரச் சொல்லிப் பெரியவரை அனுப்பினார் டாக்டர். அவள் பின்னாலேயே போகப் பார்த்தாள். விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்.

"வாய்ல மாட்டச் சொல்லி ஒரு கூடை கொடுத்தேனே, அது எங்கே?"

"கழட்ட வேண்டியதாப் போச்சு டாக்டர்."

"இதுக்கு மேல இன்னொரு தடவை வயித்தைக் கிழிச்சா அது தாங்காது. செத்துப் போயிடும், புரியுதா? நான் தொண்டை கிழியப் பேசறேன், நீங்க கதவையே பார்த்துட்டிருக்கீங்க!"

"நான் வெளியே போகணும் டாக்டர்."

"போகலாம். ஆபரேஷன் ஆனதும் நாயை வேற நல்ல இடத்துல விட்டுடறதா எழுதித் தாங்க."

"ஐயோ, அது மட்டும் வேண்டாம் டாக்டர்!"

"உங்ககிட்ட கேட்டுப் பிரயோஜனமில்ல. பெரியவர்கிட்டேயே கையெழுத்து வாங்கிக்கறேன்."

காகிதத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்தார்.

வெளியே பெஞ்சில், தடியனின் வாயருகே எதையோ நீட்டிக்கொண்டிருந்தார் பெரியவர்.

"சாப்பிடுடா தடியா. அவ உனக்கு ஒண்ணும் போட மாட்டா. நான் இருக்கேன்ல?"

தடியன் முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"எனக்காகடா" என்றார் பெரியவர்.

நாய் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

டாக்டரை இடித்துக்கொண்டு ஓடினாள் மருமகள். ஒரு கையால் தாடையைப் பிடித்து, மறு கையின் இரண்டு விரலை உள்ளே விட்டு, எடுத்தேவிட்டாள். பழகிய கை.

டாக்டரின் பேனா மூடி.

"பாருங்க டாக்டர்! திரும்பவும் எதையோ முழுங்க விட்டுட்டா!" என்று கத்தினார் பெரியவர். நடிப்பில்லை. அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

டாக்டர் அவளை ஓரமாக அழைத்துப் போனார். "ஏம்மா, முதல்லேயே எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"மாமா எதிர்ல எப்படிச் சொல்வேன் டாக்டர்? என் பேரு, அவர் பிள்ளை பேரு எல்லாமே மறந்துட்டார். இவன் பேரு மட்டும்தான் ஞாபகம் இருக்கு. பையைத் தைச்சு வச்சா, கையிலேயே மறைச்சு வச்சுக் கொடுக்கறார். வாய்ல கூடையை மாட்டினா, இவன் பட்டினி கிடக்கறானேன்னு அவரும் சாப்பிட மாட்டேங்கறார்."

"நாய்க்கு இதையெல்லாம் கொடுக்கறதே அவர்தான்னு எடுத்துச் சொல்லிப் பார்க்கலாமே?"

"ஒரு தடவை சொன்னோம். தலையில அடிச்சுக்கிட்டு அழுதார். மறுநாள் மறந்துட்டார்." குரலைத் தாழ்த்தினாள். "எல்லாத்தையும் மறக்கறவர், இதை மட்டும் மறக்காமப் போயிட்டா? வேண்டாம் டாக்டர். என் கவனக்குறைவாவே இருந்துட்டுப் போகட்டும்."

கையில் இருந்த காகிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார் டாக்டர். தடியனைத் தானே ஆபரேஷன் அறைக்கு அழைத்துப் போக வாரைப் பிடித்தார். பெரியவர் அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"அவளை நல்லாத் திட்டினீங்களா டாக்டர்?"

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லும்படி கண்ணாலேயே கெஞ்சினாள் அவள்.

"திட்டிட்டேன் சார்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.