தைத்துத் தரப்படும்

"அந்தப் பேர வச்சா இந்த வீட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன்" என்றார் மேனேஜர்.

அவர் மேனேஜராக இருந்தது மொத்தம் மூன்று மாதம். அதுவும் பதினாறு வருடங்களுக்கு முன்பு. ஆனாலும் கூடப்பிறந்த தம்பியைத் தவிர மற்ற எல்லாரும் அவரை இன்னும் மேனேஜர் என்றுதான் அழைத்தார்கள்.

"மிதிக்கலன்னா படி தேயாம இருக்கும்" என்றார் எதிரே இருந்த வாத்தியார். இவர் புதுக் கடை திறக்கப்போகும் தையல்காரியின் அண்ணன். மேனேஜரோ அவள் கணவனின் அண்ணன்.

இருவருக்கும் நடுவில், புதுத் தையல் மெஷின் மேல் ஒரு விண்ணப்பம் கிடந்தது. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்க, 'கடையின் பெயர்' மட்டும் வெள்ளையாக இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் நகராட்சி கவுன்டரில் கொடுத்தால் உரிமம். விட்டால் ஆறு மாதம் கழித்துத்தான். பதினோரு வருடம் சட்டைக் காலர் மட்டுமே தைத்துக்கொண்டிருந்த கம்பெனி வேலையைத் தையல்காரி போன வாரம்தான் விட்டிருந்தாள்.

மணி பதினொன்று இருபது.

ஜன்னலோர நாற்காலியில் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொண்டையைச் செருமும்போதெல்லாம் சண்டை ஒரு சுருதி இறங்கியது. பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்துவது இரண்டு குடும்பத்திலும் வழக்கமில்லை.

"நான் சொன்ன பேருல என்ன குத்தம்? 'குளோபல் ஃபேஷன் இன்டர்நேஷனல்'. கேட்டதும் ஆளு ஒரு அடி பின்னால போய் நிக்கணும்" என்றார் மேனேஜர், பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக.

"கடைக்கு வர்றவன் எதுக்குப் பின்னால போகணும்? இருக்கிறது ஒரு ரூம், ஒரு மெஷின். இதுல குளோப எங்க வைப்பீங்க, பரண் மேலயா?"

"உங்க பேரு மட்டும் என்ன வாழுது? 'நவநாகரிக ஆடை வடிவமைப்பு மாமன்றம்'. அந்த போர்ட மாட்ட பக்கத்து வீட்டுச் சுவரையும் சேத்துல்ல கேக்கணும்."

கணவன் பேனாவைத் திறந்தான், மூடினான். அண்ணன் பக்கம் சாய்ந்தால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். மச்சான் பக்கம் சாய்ந்தால் சொந்தத்தில் பேச்சு ஆரம்பித்துவிடும். கல்யாணமான பத்து மாதத்தில் இவ்வளவு கற்றிருந்தான்.

"நான் ஒண்ணு சொல்லவா?" என்றாள் தையல்காரி.

"நீ சும்மா இரும்மா. இது தொழில் விஷயம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

மணி பதினொன்று முப்பத்தைந்து.

"ஓடினாக்கூட பத்து நிமிஷமாவது ஆகும்ணே" என்றான் கணவன்.

"பேரு விஷயத்துல அவசரம் கூடாதுடா. நான் மேனேஜரா இருந்தப்ப ஒரு சுற்றறிக்கைக்குத் தலைப்பு வைக்கவே ஒன்பது நாள் எடுத்துக்கிட்டேன்."

"பத்தாவது நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றார் வாத்தியார்.

மேனேஜர் எழுந்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தார்.

"வாடா தம்பி. என்னை மதிக்கிறதா இருந்தா இப்பவே என்கூடக் கிளம்பு. இல்லன்னா அண்ணன்னு ஒருத்தன் இருந்தாங்கறத மறந்துடு."

கணவனின் முகம் வெளுத்தது. அவன் எழுந்தால் ஒரு குடும்பம் போகும். எழாவிட்டால் இன்னொன்று. இரண்டிலும் கடை போகும்.

தையல்காரி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பெரியவர் முன் போய் நின்றாள்.

"நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

"நானா?" பெரியவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டார். ஒற்றைச் செருப்போடு மேனேஜரும் கட்டிக்கொண்டார்.

"நீ என்ன பேரும்மா நெனச்சே?"

"'தைத்துத் தரப்படும்'. அவ்வளவுதான்."

"இதெல்லாம் ஒரு பேரா?" என்று முனகினார் மேனேஜர்.

"அது வினைமுற்று" என்றார் வாத்தியார்.

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"இதப் படிச்சா, போறவன் வர்றவனுக்கு உள்ள என்ன வேலை நடக்குதுன்னு தெரியும். மத்த ரெண்டையும் படிச்சா, உள்ள வர டிக்கெட் வாங்கணுமோன்னு பயந்துடுவான். இதையே எழுதும்மா. சட்டுனு எழுது. எனக்கும் நேரமாகுது."

தையல்காரி கணவனிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

பிறகு மேனேஜர் காலைச் செருப்பிலிருந்து உருவினார். "பெரியவங்க சொன்னதுக்கு அப்புறம் மறுபேச்சு என்ன இருக்கு."

"நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் வாத்தியார்.

கட்டம் நிரம்பியது. கடிகாரத்தில் இன்னும் பதினெட்டு நிமிடம் மிச்சமிருந்தது. கணவன் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

அப்போது பெரியவர் மெல்ல எழுந்து, அறையின் நடுவில் வந்து, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றார்.

"ஆசீர்வாதம் பண்றாரு, போ" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தான் கணவன். "உங்க பெரியப்பா மட்டும் இல்லன்னா இன்னிக்கு நம்ம கதை கந்தல்தான்."

"எங்க பெரியப்பாவா? உங்கண்ணன் பின்னாலயே வந்தாரு, உங்க பக்கத்துப் பெரியவர்னுல்ல நான் நெனச்சேன்."

பெரியவர் விரித்த கைகளை இறக்காமலே சொன்னார்: "தையல்காரம்மா வீடு இதுதான்னு தெருவுல காட்டினாங்க, ஒன்பது மணிக்கு வந்து உக்காந்தேன்; இப்பவாவது ஒரு சட்டைக்கு அளவு எடும்மா, கை வலிக்குது."