கிளிசரின்

"கட்! அண்ணா, உங்க பொண்டாட்டி செத்துக் கெடக்கறாங்க. நீங்க பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்கறீங்க."

ஸ்வாதி தலையில் கை வைத்துக்கொண்டாள். கல்லூரிக்காக அவள் எடுக்கும் குறும்படம், பழைய துப்பறியும் கதை ஒன்றின் தழுவல். மனைவிக்கு விஷம் வைத்தவன் ஊரே நம்பும்படி அழுவான். அந்த அழுகை இல்லையென்றால் படமே இல்லை. நாளை ஒப்படைத்தாக வேண்டும்.

கணவனாக நடிக்க வேண்டியவனை ஓசூரில் கம்பெனி ஓவர்டைமுக்குப் பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊரான பேரிகையில் இந்த வீடு, கேமரா பிடிக்கும் அஜாஸுக்கு யாரோ சொல்லிக் கிடைத்தது. வேறு வழியில்லாமல் வீட்டுக்காரன் மாதேஷையே நிறுத்தியிருந்தார்கள்.

செத்த மனைவியாகப் பாயில் கிடந்த மேகலா எழுந்து உட்கார்ந்தாள். "பொணமா கெடக்கற எனக்கே அழுகை வருதுண்ணா. உங்களுக்கு வரலையா?"

"வரல."

"இப்படி நின்னா மொத சீன்லயே போலீஸ் புடிச்சிரும்" என்றான் கேமராவின் பின்னாலிருந்து அஜாஸ்.

"எல்லாரும் அழுதுதான் ஆகணுமா?"

"அழாதவன யாருண்ணா நம்புவாங்க?" என்றாள் ஸ்வாதி.

"நம்ப மாட்டாங்க" என்று ஒப்புக்கொண்டான் மாதேஷ்.

ஸ்வாதி பையிலிருந்து கிளிசரினை எடுத்து அவன் கண்ணோரம் தடவினாள். சற்று நேரத்தில் கன்னம், மீசை, சட்டைக் காலர் எல்லாம் நனைந்தன.

"கட்! சூப்பர்ண்ணா! இப்பத்தான் நெஜப் புருஷன் மாதிரி இருக்கீங்க."

அஜாஸ் கேமராவைப் பைக்குள் வைத்தான். மேகலா பாயைச் சுருட்டினாள். அப்போது ஒரு நடுத்தர வயதுப் பெண் காலிப் பையோடு வாசலேறி வந்து, மாதேஷின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு மெல்ல வந்து அவன் தோளைத் தொட்டாள்.

"நடியப்பா" என்றாள்.

"ஷூட்டிங் முடிஞ்சிருச்சும்மா. இனி அவரு நடிக்க வேணாம்" என்று சிரித்தாள் ஸ்வாதி.

அந்த அம்மாளுக்கு அது புரியவில்லை. ஆனேக்கல்காரி, கன்னடம் மட்டும்தான் தெரியும். 'நட, போகலாம்' என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

மகள் செத்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மருமகனிடமிருந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனவள், மகளின் மிச்சப் புடவைகளை எடுக்க இன்றுதான் திரும்ப வந்திருந்தாள்.

மாதேஷ் கண்ணைத் துடைக்காமல் அவள் பின்னால் நடந்தான்.