கற்பூரம் காட்டியவள்

“நம்ம டர்போ கார மொத தபா ஓட்டறப்ப எப்பிடிம்மா இருந்துச்சு?” என்று கேட்டாள் மகள் மோனிகா.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காஞ்சனா வாய் திறப்பதற்குள் கணவன் முனிகிருஷ்ணன் சிரித்தான்.

“திருப்பதில புது வண்டிக்குப் பூஜை. எலுமிச்சம்பழத்து மேல சக்கரம் ஏறலன்னு ஆக்சிலேட்டர அமுக்கிக்கினே இருந்தா. டர்போ எகிறிச்சு பாரு, நேரா செவுருதான்! அதான் சாவியே குடுக்கறதில்ல.”

லைசென்ஸ் இருந்தும் நான்கு வருடமாகச் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு அவள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வருகிறாள்.

“பூஜைல கற்பூரம் யாரு காட்டுனது நைனா?”

“உங்கம்மாதான். சக்கரம் பழத்த நசுக்கற வரைக்கும் ஓரமா நின்னு காட்டிக்கினே இருந்தா.”

“அப்ப வண்டிக்குள்ள யாரு இருந்தது?”

முனிகிருஷ்ணனின் சிரிப்பு நின்றது.

“தாத்தா வாங்கித் தந்த வண்டி. திட்டுவாருன்னு பயந்து, நான் ஓட்டினதா சொல்லச் சொன்னாரு உங்க நைனா,” என்றாள் காஞ்சனா. “ஒரு நாளைக்குத்தானேன்னு ஒத்துக்கினேன். நான் இன்னும் அத ஓட்டினதே இல்ல மோனி.”

முனிகிருஷ்ணன் சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்து காஞ்சனாவின் டிபன் பாக்ஸ் மேல் வைத்தான். பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.