மோர்க் கட்சி

ஒரு கையில் தயிர் டப்பா, மறு கையில் மோர் டம்ளர். ரத்னவேல் சிங்கப்பூரில் தன் தெம்பனிஸ் வீட்டுச் சமையலறையில் நின்று சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார்.

கேட்க ஒரே ஆள்தான். மனைவி சரசு. அவளும் பாதி நேரம் புடலங்காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனையில் அவருக்கு எடை பார்க்கிறார்கள். எண்பத்திரண்டு கிலோவுக்குள் நின்றால் அவருடைய சிறுநீரகம் ஒன்று சரசுவுக்கு. கொஞ்சம் கூடினாலும் மூணு மாசம் கழித்து வாருங்கள் என்பார்கள். இன்று காலை முள் நின்ற இடம் எண்பத்திரண்டு புள்ளி நான்கு.

மூணு மாசம் என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிடுவார். சரசுவுக்கு அது அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் இன்னும் நாற்பது தடவை ஊசி.

ஐந்து மாசத்துக்கு முன்னால் ரத்னவேல் தொண்ணூற்றொரு கிலோ. கட்டித் தயிரைச் சோற்றில் ஊற்றி, பிசைந்து, அதன் தலையில் இன்னொரு கரண்டி ஊற்றுகிற ஜாதி. தயிரைக் குறைக்கச் சொன்ன அன்று அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "எனக்கு கிட்னியே வேணாம், நீங்க தயிரு சாப்பிடுங்க" என்று சரசுவே சொல்லிவிட்டாள்.

விடுவாரா மனுஷன்? தேக்காவில் நெய்னா முகம்மது கடைக்குப் போய், குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் லேபிள் படித்தார். "அண்ணே, கதவைச் சாத்திட்டுப் படிங்க, பாலுக்கு வேர்க்குது" என்றார் நெய்னா.

வீட்டுக்கு வந்து அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார். நூறு கிராம் தயிரில் அறுபது கலோரி. அதையே கடைந்து மூணு பங்கு தண்ணீர் விட்டால், நூறு மில்லி மோரில் வெறும் பதினைந்து. அன்றைக்கே மோர்க் கட்சியில் சேர்ந்துவிட்டார். புதிதாகக் கட்சி மாறியவர்களுக்கே உரிய வேகத்தோடு ஊரெல்லாம் பிரச்சாரம்.

சாங்கி விமான நிலையத்தில் அவர்கூடச் சரக்கு ஏற்றும் அப்துல் ஹமீது மட்டும் மசியவில்லை. புரோட்டீனும் கால்சியமும்கூட நாலில் ஒரு பங்காகத்தானே ஆகும், அதற்குப் பச்சைத் தண்ணியே குடித்துவிட்டுப் போகலாமே லா என்றான். அவனுக்குச் சயன்ஸ் தெரியாது என்று ரத்னவேல் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார்.

நாளுக்கு அஞ்சு டம்ளர். ஒருநாள் ஆசையாகக் கூட்டிப் பார்த்தார். அஞ்சு டம்ளர் மோரும் சேர்ந்து முந்நூறு கிராம் தயிரில் வந்து நின்றது. கால்குலேட்டர் சரியில்லை என்று மூடி வைத்துவிட்டார்.

எடை என்னவோ இறங்கியது. அதற்குக் காரணம் தினமும் நாலு பஸ் ஸ்டாப் நடந்ததும், பரோட்டாவை மறந்ததும். பெயர் முழுக்க மோருக்கு.

"மோரோட ரகசியமே அதுல இருக்கிற தண்ணிதான் சரசு. வயிறு ரொம்பும், உடம்புல ஒண்ணும் ஒட்டாது. நாளைக்குப் பாரு, அந்த நர்ஸம்மாவே ஆச்சரியப்படும்."

சொல்லிவிட்டு, வெற்றி பெற்றவர் மாதிரி ஒரு வாய் குடித்தார்.

அய்யோ! கடல் தண்ணீர் தோற்றது போங்கள்.

"என்ன சரசு, சாங்கிக் கடலையே மொண்டு ஊத்திட்டியா? ஒரு வாய் குடிச்சுப் பாத்துக் குடுத்தா என்ன குறைஞ்சு போவுது?"

கத்தியைக் கீழே வைத்தாள் சரசு. கோபமெல்லாம் இல்லை.

"இன்னிக்கு என் பங்கு தண்ணி முடிஞ்சுபோச்சுங்க. மோரும் தண்ணிதானே?"

குழாய்க்குப் பக்கத்தில் அவளுடைய பாட்டில் காலியாக நின்றது. நாளுக்கு எண்ணூறு மில்லி. காப்பி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாம் அதற்குள் அடக்கம். தாண்டினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். மார்க்கர் பேனாவால் அந்தப் பாட்டிலில் கோடு போட்டவரே ரத்னவேல்தான்.

அதே ஆள்தான் அஞ்சு மாசமாக, தாகத்தோடு இருக்கிறவள் எதிரே உட்கார்ந்து, நாளுக்கு அஞ்சு டம்ளர் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, ஆஹா என்று வேறு சொல்லியிருக்கிறார். இஞ்சி தட்டி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, அத்தனையும் கரைத்துக் கொடுத்தவள் அவள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. மூணு ரூம் வீட்டில் எங்கே போய் ஒளிவது?

"அப்ப இத்தனை நாளா உப்பு எப்படிச் சரியாப் போட்ட?"

"நீங்க முதல் வாய் குடிக்கும்போது உங்க மூஞ்சியப் பாப்பேன். கூடக்குறைய இருந்தா அடுத்த டம்ளர்ல சரி பண்ணிடுவேன். இன்னிக்கு உப்புப் பாக்கெட் புதுசு, அதான் கை தப்பிடுச்சு."

ரத்னவேல் டம்ளரைத் தூக்கி இன்னொரு வாய் குடித்தார். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள என்னென்னவோ செய்து பார்த்தார். சரசு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

அவள் நம்பவில்லை. கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு போய், மோரில் தண்ணீர் விடக் குழாயைத் திறந்தாள்.